எதிரி தரப்புச் சாட்சி

காண்ட்ராக்டர் வரதன் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான். அதைப் பார்த்ததும் ஏஞ்சலுக்கு வயிறு குளிர்ந்தது. போன தடவை இதே வீட்டுக்குள் பூட்ஸ் காலோடு வந்து, செத்துப்போன புருஷன் பீட்டரின் போட்டோவுக்கு முன்னால் இருந்த மெழுகுவர்த்தியை எட்டி உதைத்துவிட்டுப் போன மகராசன் இவன்தான்.

"தங்கச்சி, நல்லா கீறியாம்மா?" என்றான்.

தங்கச்சியாம்! கழுத்துக்குக் கத்தி வந்தால்தான் இந்த மாதிரி ஆட்களுக்கு உறவுமுறை ஞாபகம் வரும். ஏஞ்சல் உட்காரச் சொல்லவில்லை. "கோயிலுக்குக் கெளம்பிக்கினு கீறேன், அப்பால வாங்க" என்று அனுப்பிவிட்டாள். அடுத்த தடவை வந்தபோது குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் குடம் குடமாகப் பிடித்து முடிக்கும்வரை கும்மிடிப்பூண்டி வெயிலில், தெருவே பார்க்க, கைகட்டி நின்றான். அவளும் அவசரப்படவில்லை. நிரம்பின குடத்தைக் கொட்டிவிட்டு மறுபடியும் பிடித்தாள்.

அவன் இப்படி வந்து நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு.

பீட்டர் சிப்காட்டில், இரும்பை உருளைக்குள் விட்டுக் கம்பியாக்கும் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்த்தான். ஆள் சப்ளை வரதனுடையது. உருளைக்கு முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு இருக்கும். அது இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது என்று வரதன் கழற்றச் சொன்னான். இரண்டாம் வாரமே பீட்டரை உருளை இழுத்துக்கொண்டது. ஏஞ்சல் அழுது முடித்து ஸ்டேஷனுக்குப் போனபோது, 'மது போதையில் தவறி விழுந்தார்' என்று எழுதி முடித்திருந்தார்கள். சர்ச்சில் திருவிருந்தில் கொடுக்கிற ஒரு வாய் திராட்சை ரசத்துக்கே முகத்தைச் சுளிக்கிறவன் பீட்டர். அவனைக் குடிகாரன் ஆக்கிவிட்டார்கள். நஷ்டஈடு கிடையாது என்று கம்பெனியும் கையைக் கழுவிக்கொண்டது. கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்களே அவள் காதுபடப் பேசினார்கள். செத்தவனை ரெண்டாம் தடவை சாகடிப்பது என்றால் என்ன என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

அவள் விடவில்லை, மனு மேல் மனு போட்டாள். அப்போதுதான், பெரிய வெள்ளி மதியம், ஆராதனை முடிந்து அவள் வீடு திரும்பியதும், வரதன் ரெண்டு ஆட்களோடு வந்து, வெயில் சாயும்வரை நகராமல் மிரட்டினான்.

"தடுப்ப நான்தான் கழட்டச் சொன்னேன். குடிச்சிட்டு விழுந்தான்னு எழுத வெச்சதும் நான்தான். இப்ப இன்னான்ற? மரியாதையா கேஸ வாபஸ் வாங்கு. இல்ல, புருஷன் போன எடத்துக்கே உன்னையும் அனுப்பிடுவேன்" என்றான்.

மறுநாளே புகார் கொடுத்தாள். "சாட்சி யாரும்மா?" என்று கேட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்ட அக்கம்பக்கத்தில் யார் சாட்சி சொல்ல வருவார்கள்? வரதன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான்: 'நான் அந்தத் தெருவையே பார்த்ததில்லை. அன்று முழுக்க கடம்பத்தூரில் என் இரும்புக் கிடங்கில் இருந்தேன்.' அவள் வாயால் சொன்னது போதவில்லை, அவன் போட்ட கையெழுத்து போதுமாக இருந்தது. பொய்ப் புகார் என்று மூடிவிட்டார்கள். பொய்க்காரி என்ற பட்டமும் அவளுக்குச் சேர்ந்தது.

கடவுள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார், ஆனால் வசமாக வந்தார். அதே பெரிய வெள்ளி மதியம், கடம்பத்தூரில் அந்தக் கிடங்கு வாசலில், வரதனின் தொழில் எதிரி ஒருவனை யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். பல நாள் கழித்துக் கண் விழித்தவன், பழைய பகையை மனதில் வைத்து, "வரதன்தான் வெட்டினான்" என்று கை காட்டினான். தான் அங்கே இல்லவே இல்லை என்று வரதன் அலறினான். "அன்னிக்கி முழுக்க கடம்பத்தூர்லதான் இருந்தேன்னு நீயே எழுதிக் குடுத்துக்கீறியே" என்று போலீஸ் அவன் தாளையே எடுத்து நீட்டியது. ஏஞ்சல் வீட்டுக்கு வந்தது தெரியக்கூடாது என்று போனைக்கூடக் கிடங்கிலேயே வைத்துவிட்டு வந்த கெட்டிக்காரன் அவன். கூட வந்த ரெண்டு பேரும் அவனிடம் கூலி வாங்குகிறவர்கள், கோர்ட்டில் எடுபடாது. ஆக, அந்த மதியம் அவன் கடம்பத்தூரில் இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒருத்திதான் மிச்சம்.

ஏஞ்சல் தன் வக்கீல் ஹுமைராவிடம் போனாள். ஹுமைரா பழவேற்காட்டுப் பெண். இலவச சட்ட உதவியில் வந்தவள்தான், ஆனால் பீஸ் வாங்குகிறவர்களைவிட அதிகம் அலைந்தவள்.

"நான் வாய மூடிக்கினு இருந்தா அவன் உள்ள போவானா, வக்கீலம்மா?"

"போவான்க்கா. வருஷக் கணக்குல."

ஏஞ்சலுக்கு ஆட வேண்டும்போல இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே அரைக்கிலோ கறி வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தாள். பீட்டர் போனபிறகு அந்த வீட்டில் கறி வெந்தது அன்றுதான். முதல் வாய் எடுத்து வைத்தபோதுதான் உறைத்தது. வரதன் கம்பி எண்ணுவான், சரி. எதற்கு? எவனையோ வெட்டியதற்கு. அதுவும் வெட்டாததற்கு. பீட்டர்? பீட்டர் எப்போதும்போலக் குடிகாரனாகவே கல்லறையில் கிடப்பான். ஏஞ்சலுக்கு ஆத்திரம் பொங்கியது. தட்டைத் தள்ளிவிட்டு ஹுமைராவுக்குப் போன் போட்டாள்.

"அவன் உள்ள போறது பத்தாதும்மா. என் பீட்டருக்காகப் போவணும். அதுக்கு வழி சொல்லு."

மறுமுனையில் ஹுமைரா கேஸ் கட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "அவன் பக்கத்து சாட்சியாவே கூண்டுல ஏறுங்கக்கா. அவன் வக்கீல் கேட்டு முடிச்சதும் அரசு வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணுவாரு. அவர் கேக்கறதுக்கெல்லாம் நீங்க பதில் சொல்லலாம். உண்மைய மட்டும் சொல்லுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

மூன்றாம் தடவை வரதன் வந்தபோது ஏஞ்சல் நாற்காலியே போட்டாள்.

"துக்கம் விசாரிக்க வந்தாருன்னு சொல்லிடும்மா, அது போதும். உனக்கு இன்னா வேணும்னாலும் கேளு" என்றான். கண்ணில் தண்ணீர் வேறு.

"நீங்க வந்தீங்கன்னு சொல்றேன்" என்றாள் ஏஞ்சல்.

ஏழை பொம்பளை, மிரட்டினால் அடங்குவாள், கெஞ்சினால் இரங்குவாள் என்பது வரதனின் கணக்கு. கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனான்.

கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர்; அவள் பெயரைக் கூப்பிட்டபோது எதிரி தரப்புச் சாட்சி என்றுதான் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுத்தாள். வரதனின் வக்கீல் பெரிய ஆள், சென்னையிலிருந்து காரில் வந்திருந்தார். நறுக்கென்று நாலு கேள்வி கேட்டார். பெரிய வெள்ளி மதியம் வரதன் உங்கள் வீட்டுக்கு வந்தாரா? வந்தார். எவ்வளவு நேரம்? வெயில் சாயும்வரை. அவ்வளவுதான் என்று திருப்தியாக உட்கார்ந்தார். வரதன் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அந்தத் தலையசைப்பை ஏஞ்சல் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

அரசு வக்கீல் எழுந்தார்.

"இதையே நீங்க புகாரா குடுத்து, பொய்ப் புகார்னு மூடினாங்க. சரிதானே?"

"ஆமாங்கய்யா. மூட வெச்சவரு தோ நிக்கிறாரு."

"அவ்ளோ பெரிய காண்ட்ராக்டர் உங்க வீட்டுக்கு எதுக்கும்மா வரணும்?"

ஏஞ்சல் சொன்னாள். தடுப்பைக் கழற்றியதைச் சொன்னாள். குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுத வைத்ததைச் சொன்னாள். புருஷன் போன இடத்துக்கே அனுப்புவேன் என்றதைச் சொன்னாள். அழவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் வரதன் முகத்தைப் பார்த்தே சொன்னாள், அவ்வளவு இன்பமாக இருந்தது. டைப் அடிக்கிற பெண் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டிருந்தாள்.

சென்னை வக்கீல் துள்ளி எழுந்தார். "யுவர் ஹானர், இது இந்த வழக்குக்குச் சம்பந்தமே இல்லாதது!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் வந்தார்ங்கிறது சம்பந்தம்தான். இவங்க உங்க சாட்சி. உங்களுக்கே எதிரா திரும்பின பிறழ் சாட்சின்னு சொல்றீங்களா? அப்படின்னா, உங்க கட்சிக்காரர் அங்க இருந்தார்னு இவங்க சொன்னதையும் நான் யோசிக்கணும்."

பொய் என்றால் வரதனுக்குக் கடம்பத்தூர் கேஸ். உண்மை என்றால் பீட்டர் கேஸ். "ஒரு நிமிஷம், யுவர் ஹானர்" என்று வரதனிடம் போய்க் குனிந்தார். ரெண்டில் எது சின்னக் கேஸ் என்று ரெண்டு பேரும் குசுகுசுத்தார்கள். பின்வரிசையில் ஹுமைரா பேனா மூடியைத் திறந்தாள்.

வரதன் ஏஞ்சலைப் பார்த்தான். இந்தத் தடவை தங்கச்சி என்று கூப்பிட அவனுக்கு நாக்கு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல, "அந்தம்மா சொல்றதெல்லாம் உண்மைதாங்கய்யா" என்றான்.

ஏஞ்சல் நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அய்யா, எனக்குக் காதுல உழல. இன்னொரு தபா சத்தமா சொல்லச் சொல்லுங்கய்யா."