சுபாவின் பெயருக்குக் கீழே

“எழுதிக்கங்க. டேவிட்ராஜ், மின்வாரியம். அடுத்தது சுபா, சாஃப்ட்வேர் இன்ஜினியர், பெங்களூர்,” என்று அண்ணன் கண்ணீர் அஞ்சலி பேனருக்காகக் கடைக்காரரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சுபா சட்டென்று நிமிர்ந்தாள். பெட்டிக்குள் அப்பா சின்னப்பன், கைகளில் ஜெபமாலை சுற்றியிருக்கக் கிடந்தார். நேற்று சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்றவர், ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

அவள் இன்ஜினியரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூன்று மாதம் பயிற்சி, ஆறு மாதம் இன்டர்ன்ஷிப், முடித்தால் வேலை நிச்சயம் என்று சொல்லித்தான் பெங்களூரில் அந்தப் பயிற்சி மையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதமும் சம்பளமில்லாமல் வேலை வாங்கிக்கொண்டு, கடைசி நாளில் முப்பது பேரின் கையிலும் ஒரு சான்றிதழைத் திணித்து அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்கும் வேலை இல்லை. அன்றைக்கு அப்பா போன் செய்து, “என்ன பாப்பா, பெர்மனென்ட் ஆயிடுச்சா?” என்று கேட்டபோது, “ஆயிடுச்சுப்பா” என்றுவிட்டாள். வேறொரு வேலை கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். நான்கு மாதம் ஓடிவிட்டது. மனுஷனுக்கோ பெருமை பிடிபடவில்லை. சொந்த ஊரான இண்டூரில் அவர் சொல்லாத ஆளில்லை.

இனி யாருக்கு என்ன நஷ்டம், பேனரில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சுபா வாயை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் பக்கத்து நிலத்துக்காரர் மாதையன் மாலையோடு வந்தார். பெட்டிமேல் மாலையை வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளருகே குனிந்தார்.

“உங்கப்பா புண்ணியத்துல எங்க பொண்ணு சசிகலாவுக்கும் ஒரு வழி பொறந்துச்சு கண்ணு. நீ படிச்ச எடத்துலயே அவரே போன் பண்ணிப் பேரு குடுத்தாரு. திங்கக்கெழம சேரணும். ஓசூர் கம்பெனியில இன்னிக்கு எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டு நின்னுக்கறாளாம். அதுவும் பெர்மனென்ட் வேலதான். இருந்தாலும் நீ நல்லா வந்துட்டியே.”

சுபா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சொன்னால், அடக்கம் முடிவதற்குள் ஊர் இந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்கும். சொல்லாவிட்டால் சசிகலாவும் அந்தச் சான்றிதழோடு ஒருநாள் தெருவில் நிற்பாள். அந்த நாள் எப்படியிருக்கும் என்று சுபாவுக்குத் தெரியும்.

“மாமா, கொஞ்சம் வெளிய வாங்க.”

பந்தல் ஓரத்தில் நின்று மூச்சுவிடாமல் சொன்னாள். “எனக்கு வேல கெடைக்கலங்க மாமா. அங்க யாருக்குமே கெடைக்கல. அப்பாகிட்ட நாந்தான் பொய் சொன்னேன். சசிகலாவ வேலைய விட வேண்டாம்னு சொல்லுங்க.”

பின்னாலேயே வந்திருந்த அண்ணன் டேவிட்ராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். “அப்பா மானத்த இன்னிக்கேதான் வாங்கணுமா?” என்றான். “பேனர்ல எம் பேருக்குக் கீழ இருக்கறத எடுக்கச் சொல்லிருண்ணா,” என்றாள் சுபா.

மாதையன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மகளுக்குப் போன் போட்டார்.

“குடுத்துட்டியா? இன்னும் குடுக்கலியா? அப்ப குடுக்காத. கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரு. சுபாதான் சொல்லுச்சு. அப்பன இன்னும் எடுக்கல, அதுக்குள்ள கூப்புட்டுச் சொல்லுது.” அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டுவிட்டு, போனை அவளிடம் நீட்டினார். “ஒங்கிட்டப் பேசணுங்கறா.”

திட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே சுபா போனைக் காதில் வைத்தாள். கம்பெனிக்குள் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே,

“அக்கா, ஏதாச்சும் சாப்ட்டீங்களா?” என்றாள் சசிகலா.

சுபா இல்லையென்று தலையாட்டினாள். போனில் அது தெரியாது என்பது உறைக்காமல், ஆட்டிக்கொண்டே நின்றாள்.