மொட்டைக் கிள்ளியது யார்?

1

“கொட்டாதீங்க!”

ஈரத் தலையோடு ஓடி வந்தாள் அவள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. கணவன் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குக் கீழே குப்பைக்கூடை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

“ஊசிப்போன சீரகம். ஈரத் துணியில வேற சுத்தி வெச்சிருக்கே,” என்றான்.

“சீரகம் இல்லைங்க, விதை.”

“விதையை மண்ணுல போடுவாங்க. ஃப்ரிட்ஜ்ல யாரு போடுவா?”

“குளிர் பட்டாதான் முளைக்கிற ஜாதி இது. இன்னும் பதினோரு நாள் உள்ள இருக்கணும். மூடி வைங்க முதல்ல.”

கூடத்திலிருந்து அவளுடைய அப்பாவின் குரல் வந்தது. “பத்து நாள், பாப்பா. இன்னைக்கு விடிஞ்சதுமே ஒண்ணு கழிஞ்சாச்சு.”

பாப்பாவுக்கு நாற்பது வயது. டப்பாவில் இருந்த விதைகளும் நாற்பது. அத்தனை உயிரும் தப்பின.

2

கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒன்றை எட்டி எடுக்கப் போய் [எதை என்பது உங்களுக்குத் தேவையில்லை] நாற்காலியோடு விழுந்தேன். இடது மணிக்கட்டு. எக்ஸ்ரே எடுக்கிற பெண் என் கையைப் பலகை மேல் மலர்த்தி வைத்துவிட்டு, பெயர்ச்சீட்டைப் பார்த்தார்.

“சார், வாராவாரம் கொலைக்கதை எழுதுறது நீங்கதானே? அசையாதீங்க. எங்க வீட்டுலயும் வாரம் ஒரு கொலை நடக்குது.”

அசையாமல் இருப்பது அன்றைக்குப் போல என்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை.

செத்தது யார் என்று கேட்டேன். மொட்டு என்றார்.

3

வீட்டுக்கு வந்து ஒரு கையால் எழுதத் தொடங்கினேன்.

‘அந்தத் தோட்டத்தில் ரத்தம் சிந்தவில்லை, ஆனாலும்...’

அடித்துவிட்டேன். சிந்தாத ரத்தத்தை எதற்கு வாசகர் தலையில் கட்டுவது?

‘மர்மமான அந்தப் பூவின் கருஞ்சிவப்பு இதழ்கள்...’

இதையும் அடித்தேன். இதழ்கள் ரோஜா நிறம். கருஞ்சிவப்பு என்பது என் கை செய்கிற பழக்கதோஷம்.

‘அவள் விதைக் கடைக்குள் நுழைந்தபோதே மனத்தில் ஒரு சதி இருந்தது.’

இது நிற்கட்டும், உண்மையும் இதுதான்.

அவளுடைய அப்பா முப்பத்தாறு வருடம் ரயில் ஓட்டியவர். அம்மா போன பிறகு, இரண்டு பெட்டிகளோடு மகள் வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே கிளம்பும் தேதியைப் பேசத் தொடங்கிவிட்டார். வேறொரு ஊரில், ஓய்வு பெற்ற ரயில்காரர்களுக்கென்று ஒரு விடுதி இருக்கிறது. பழைய கூட்டாளிகள் நாலு பேர் அங்கே. இவருக்கும் ஓர் அறை ஒதுக்கியாகிவிட்டது.

“மக வீட்டுல தங்குறது, ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வண்டி நிக்கிற மாதிரி மாப்பிள்ளை,” என்றார் மருமகனிடம். “இறங்கவும் முடியாது, உக்காரவும் முடியாது.”

மருமகன் லிஃப்ட் மெக்கானிக். “நடுவுல நிக்கிற கஷ்டத்தை என்கிட்டயா சொல்றீங்க மாமா? என் பொழப்பே அதுதான்.”

அவர் போகக் கூடாது என்று அவளுக்கு நெஞ்சு நிறைய ஆசை. ‘இருங்கப்பா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தைதான் அந்த வீட்டில் கிடையாது. அவள் பிறந்ததிலிருந்து அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டே இருந்தவர். வாசலில் நின்று ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லத்தான் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தெரியும். கிளம்புகிறவரை நிறுத்துவது அபசகுனம் என்று பழகிய நாக்கு.

ஆகவே விதைக் கடைக்குப் போனாள்.

“இருக்கிறதுலயே ரொம்ப லேட்டா பூக்கிற செடி எதுங்க?”

கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “எல்லாரும் சீக்கிரம் பூக்கிறதைத்தாம்மா கேப்பாங்க.”

“எனக்கு அவசரம் இல்லை.”

அவர் எடுத்துக் கொடுத்ததுதான் இந்தப் பாக்கெட். ஒரு மாதம் குளிரில் வைக்க வேண்டும். பிறகு மண்ணில் போட்டால் இரண்டு வாரத்தில் முளைக்கும். முதல் வருடம் பெரும்பாலும் வெறும் இலைதான். பூவைப் பார்க்க அடுத்த வருடம் வரை ஆகும். இந்தக் கடைசி வரி அச்சாகியிருந்த பின்பக்கத்தை அவள் பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டுவிட்டாள்.

“இதை மட்டும் வளர்த்துக் கொடுத்துட்டுப் போங்கப்பா.”

“அவ்வளவுதானே? முதல் பூ விரிஞ்ச மறுநாள் கிளம்பிடுவேன்.” ஒப்புக்கொண்ட வண்டியைப் பாதியில் விட்டு இறங்கியவர் இல்லை அவர். அது அவளுக்குத் தெரியும்.

[பூவைப் பற்றி: எக்கினேசியா என்று பெயர். நடுவில் கூம்பாக, கரடுமுரடாக, முள் முள்ளாக ஒரு மண்டை எழும்பி நிற்கும். இதழ்கள் அதன் கீழே பாவாடை மாதிரி தொங்கும். அப்பா பாக்கெட்டில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு ‘முள்மண்டையன்’ என்று பெயர் வைத்தார். இனி நமக்கும் அதுவே போதும்.]

4

சதியில் ஓர் ஓட்டை இருந்தது. செடியை ஒப்படைத்த ஆள் யார் என்பதை அவள் யோசிக்கவில்லை.

அப்பா ஒரு நோட்டுப் போட்டார். விதை ஃப்ரிட்ஜை விட்டு இறங்கிய நேரம், மண்ணுக்குள் போன நேரம், முளைத்த நேரம். நாற்பதில் முப்பத்தொன்று முளைத்தன. ‘இரண்டு நாள் முன்கூட்டியே வருகை’ என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார். வெயில் நகர நகரத் தட்டுகளை ஜன்னல் ஜன்னலாக மாற்றினார். நாலு இலை விட்டதும் பின்பக்கத் தோட்டத்துக்கு மாற்றி, ஒரு முழத்துக்கு ஒன்றாக வரிசை பிடித்து நட்டார். களைக்கும் கன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் மருமகன் ஒன்றைப் பிடுங்கியபோது, அரைமணி நேர விசாரணை நடந்தது.

நாலாவது மாதம், அடுத்த வருடம் வர வேண்டிய மொட்டு வந்துவிட்டது.

பட்டாணி அளவு, பச்சை, ஒரு முழத் தண்டின் உச்சியில். அவள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

“உங்கப்பா ஓட்டினா எதுதான் லேட்டாகும்?” என்றான் கணவன்.

அதே வாரம் விடுதியிலிருந்து கடிதம் வந்தது. அறையை வரும் மாதக் கடைசி வரை பிடித்து வைத்திருப்பார்களாம். அதற்குள் வராவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பா கடிதத்தை நாலாக மடித்தார். “அதுக்குள்ள பூத்துடும்,” என்றார்.

மூன்றாம் நாள் காலையில் தண்டு மட்டும் நின்றது. மொட்டைக் காணோம்.

5

இங்கே எனக்குக் கொண்டாட்டம். இது என் ஏரியா.

அப்பா விசாரணை அதிகாரியானார். தரையில் முழங்காலிட்டு, பூதக்கண்ணாடியால் தண்டைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, காலைல ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?”

“தூங்கிட்டு இருந்தேன் மாமா.”

“சாட்சி?”

“உங்க பொண்ணு.”

“அவளும் தூங்கிட்டு இருந்தா சாட்சி செல்லாது.” கடைசியில் நத்தைதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதினார். செடியைச் சுற்றி முட்டையோட்டைப் பொடி செய்து தூவினார்.

அடுத்த வாரம் இரண்டாவது மொட்டு போனது. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. நத்தை கடித்தால் தண்டு பிய்ந்து, இலையில் பளபளவென்று கோடு இருக்கும். இங்கே நகத்தால் வெட்டியது போல் சுத்தமான முறிவு. தடயம் எதுவும் இல்லை.

“நீதானே?” என்று கணவன் அவளைக் கேட்டது மூன்றாவதற்குப் பிறகு. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் எதுக்கு?”

“எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? கடைல போய் என்ன கேட்டேன்னு நீதான் சொன்னே. சிரிச்சுக்கிட்டே சொன்னே.”

“சத்தியமா நான் இல்லைங்க.”

“அப்ப நானா? லிஃப்ட் கதவுல விரல் மாட்டி இந்தக் கட்டை விரல்ல நகமே இல்லை, பாரு.”

[இந்த இடத்தில் அவளைப் பற்றி எனக்கே சந்தேகம். சொல்லப்போனால் சந்தேகமே இல்லை. நோக்கம் இருக்கிறது, வாய்ப்பு இருக்கிறது, பாக்கெட்டைக் கிழித்த முன்குற்றமும் இருக்கிறது. இருபது வருடமாக இந்த மாதிரிப் பெண்களை எழுதிக் கைது செய்திருக்கிறேன். எக்ஸ்ரே பலகைக்குப் பக்கத்தில் நின்று அவளே என்னிடம் கேஸைச் சொன்னதுகூட, குற்றவாளி தானே போலீஸுக்குப் போன் போடுகிற பழைய உத்தி மாதிரித்தான் பட்டது.]

6

ஆக மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் அப்பா மகளைக் கையும் களவுமாகப் பிடிக்கிறார். அவள் அழுகிறாள். அவர் அவள் தலையைத் தடவி... வேண்டாம். தலையைத் தடவுகிற கை என் கதையில் வந்தால் என் வாசகர்களே என்னைச் சந்தேகப்படுவார்கள்.

இரண்டாவதில், அவளுக்குத் தெரியாமல் வேலியோரம் ஒரு செடி பூத்துவிடுகிறது. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார், அவள் வழக்கம்போல வாசலில் நின்று... இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. மூன்று நாள் அப்படியே விட்டு வைத்தேன்.

மூன்றாவதில் நத்தைதான் உண்மையான குற்றவாளி. சிரிக்காதீர்கள், அதையும் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன்.

7

ஆறு வாரம் கழித்து, கட்டுப் பிரித்து மறுபடி எக்ஸ்ரே. அதே அறை, அதே பலகை, அதே பெண்.

“மொட்டைக் கிள்ளினது நீங்கதானே?” என்றேன், பொறுக்க மாட்டாமல்.

“கையை அசைக்காதீங்க சார்.” கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார். பொத்தானை அமுக்கினார். திரும்பி வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. “நான் இல்லை. ஆனா யாருன்னு போன வாரம் பார்த்துட்டேன்.”

சொன்னார். கேட்டுவிட்டு அந்தப் பலகையிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றேன்.

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“எப்படி சார் கேப்பேன்? எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லலை.” ஒரு நிமிடம் என் எலும்புகளைத் திரையில் பார்த்தார். “இன்னும் ஒரே மொட்டு இருக்கு. லேசா நிறம் விட ஆரம்பிச்சிருக்கு. விடுதி அறைக்கு இன்னும் மூணு நாள்தான் தவணை. நான் என்ன பண்ணட்டும்? நீங்கதானே கதை எழுதுறவர்.”

எத்தனையோ பேரை, பத்திரிகைக்குக் கதை போக வேண்டிய வியாழக்கிழமைக்குள் தீர்த்துக் கட்டியிருக்கிறேன். இந்த ஒரு பெண்ணுக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்க என்னால் முடியவில்லை. என்னுடைய மூன்று முடிவுகளையும் வீட்டுக்குப் போனதும் கிழித்துப் போட்டேன்.

எனவே முடிவு உங்களிடம். அந்த மொட்டு விரியலாம், விரியாமல் போகலாம். அவளுக்குத் தெரியாத அந்த ஒற்றை வார்த்தை, நாற்பது வயதில், அவள் நாக்கில் வரலாம். அவள் வாயைத் திறப்பதற்குள் யாராவது தோசைக்கரண்டியைக் கீழே போட்டு... [மன்னிக்க, தொடர்கதைப் புத்தி.] எனக்கென்னவோ வரும் என்றுதான் படுகிறது. இதுவரை வராததற்குக் காரணம், கேட்டால் மறுத்துவிடுவார் என்ற பயம். அந்தப் பயம் அவளுக்கு இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

போன வாரம், விடிந்தும் விடியாத நேரம். கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பனியன் போட்ட ஒரு முதுகு செடிகளுக்கு நடுவே குனிந்திருந்தது. இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. மொட்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, பிடிவாதக்காரக் குழந்தைக்குச் சொல்கிற குரலில் என்னவோ சொன்னது. ஜன்னல் திறந்திருந்ததால் அவளுக்குக் கேட்டது.

“சிக்னல் விழலைடா. நில்லு,” என்று சொல்லி, நகத்தால் அதைக் கிள்ளி எடுத்தார் அப்பா.