இருதய நோயற்ற தோட்டம்

இதனால் சகல தொழிலாளர்களுக்கும் அறியத்தருவது யாதெனில், இந்தத் தோட்டத்தில் இனி ஒருவருக்கும் இருதய நோய் வராது. நம்பாதவர்கள் மருந்துச்சாலைச் சுவரைப் பார்க்கலாம். ஆறடிப் பலகையில் சிவப்பு எழுத்தில் ‘இருதய நோயற்ற தோட்டம்’ என்று எழுதி, கீழே நிஷாந்தியின் படத்தைப் போட்டிருக்கிறார்கள்.

பலகை வந்தது மார்ச் மாதம். கொழும்பிலிருந்து வந்த சுகாதாரக் குழு, எண்ணெயில் பொரித்த பெட்டிஸ் ஆளுக்கு இரண்டு தின்றுவிட்டு எண்ணெய்ப் பண்டங்களின் தீமையை விளக்கியது. தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்றும் சொன்னது. விடிந்ததிலிருந்து கொழுந்துக் கூடையோடு மலையேறி இறங்கும் பெண்கள் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு எல்லாருக்கும் பிரஷர் பார்த்து, சீனி பார்த்து, கொழுந்தெடுக்கும் நிஷாந்தியை ஆரோக்கியப் பெண்ணாக அறிவித்தார்கள். வெற்றிலை போடாதவள், தேத்தண்ணீருக்குச் சீனி சேர்க்காதவள். மாலை போட்டு, தோட்ட மேனேஜர் பெரிய துரை பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் கொழுந்து நிறுக்கும்போது அவளுக்குத் தாடை வலித்தது. நடு முதுகில் யாரோ முட்டிக்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. வாந்தி எடுத்தாள். அந்தக் குளிரிலும் வேர்த்து ஊற்றியது. பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் பூரணி அவளைத் தாங்கிப் பிடித்து மருந்துச்சாலைக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே மருந்து கொடுப்பவர் பிரதாப் ஐயா. ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து வாகனம் வேண்டுமானால் அவர்தான் துண்டுச் சீட்டு எழுத வேண்டும். அவர் நிஷாந்தியைப் பார்த்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். படத்தையே நம்பினார்.

“வயித்துல கேஸ்தான். காலைல சாப்பிடாம வந்திருப்ப.”

“ரொட்டி சாப்பிட்டேங்க,” என்றாள் நிஷாந்தி.

நெஞ்சு வலி என்று எழுதித் தரச்சொல்லிப் பூரணி கெஞ்சினாள். ஐயாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“நீ என்ன ஈசிஜி மெஷினா? இந்தப் புள்ளைக்கு நெஞ்சு வலின்னு எழுதினா, அப்ப அந்தப் பலகை எதுக்குன்னு பெரிய தொர என்னையத்தான் கேப்பாரு.”

“படத்துல இருக்கறவளுக்கு வலிக்கலங்க ஐயா. இவளுக்குத்தான் வலிக்குது.”

ஐயா கேஸ் என்றே எழுதினார். கேஸுக்கு வாகனம் கிடையாது. இரண்டு வெள்ளை மாத்திரை கொடுத்து, பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். உதடு நீலமானதும் பூரணி ரோட்டுக்கு ஓடி ஓர் ஆட்டோவை மறித்தாள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது நிஷாந்தியின் தலை அவள் தோளில் சரிந்தது.

இருதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்ததாகப் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னார். சாப்பாட்டில் கவனமாக இருக்கும் திடகாத்திரமான பெண்களுக்கும் இப்படி வருமாம். நேரத்தோடு கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாமாம்.

தோட்ட நிர்வாகம் கூட்டம் போட்டது. மரணம் தோட்ட எல்லைக்கு வெளியே, பொது ரோட்டில் நடந்திருப்பதால் பலகையைத் திருத்தத் தேவையில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. படத்தில் அவள் கழுத்தில் ஏற்கெனவே மாலை இருந்ததால் புதிதாக ஒன்று வாங்கவில்லை.

நிஷாந்திக்கு வயது முப்பத்து நாலு.