பணிக்குத் தகுதி

மருத்துவர் சிரித்துவிட்டார். அதோடு காரியம் கெட்டது.

உதட்டோரம் வந்து போகிற மரியாதைச் சிரிப்பு இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, ‘ஐயோ போதும்’ என்று கையை ஆட்டுகிற அளவுக்குச் சிரிப்பு. காவல் தலைமையகத்தின் நான்காவது மாடியில், மனநல ஆலோசனைக்கென்று ஒதுக்கிய அந்தச் சின்ன அறையில், மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி இருந்தது. அழ வருகிறவர்களுக்காக வாங்கி வைத்தது. இன்றைக்கு அதிலிருந்து முதல் தாளை உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் மருத்துவரே.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்றபடி காவல் நிலையத்தில் அதிகாரி முதல் கைதி வரை எல்லோருக்கும் அவர் தமாசுதான். இருபத்திரண்டு வருட வேலையில் அவர் சம்பாதித்த சொத்து என்றால் இந்தப் பெயரும், கொஞ்சம் தொப்பையும்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மனைவி சட்டைப் பொத்தானைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருந்தாள். “அங்கயாவது வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இருக்கறத இருக்கற மாதிரி சொல்லுங்க.”

இருக்கிறதை இருக்கிற மாதிரிதான் சொன்னார். ஒரு வார்த்தை பொய் இல்லை.

“தூக்கம் எப்படி வருது?”

“தூக்கம் அது பாட்டுக்கு வருதுங்க மேடம். நான் முழிச்சிருக்கறதப் பாத்துட்டு, தொந்தரவு பண்ண வேணாம்னு திரும்பிப் போயிடுது.”

“திடீர்னு சத்தம் கேட்டா?”

“முந்தாநாள் குக்கர் விசில் அடிச்சது. நான் ரெண்டு கையயும் மேல தூக்கிட்டு நின்னுட்டேன். வீட்டம்மா வந்து, சரணடைஞ்சது போதும், அடுப்ப அணைங்கன்னா.”

இங்கேதான் மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார்.

தமாசு ஒரு வாக்கியத்தை ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. ‘எனக்குத் துப்பாக்கி வேணாம் மேடம்.’ நாலே வார்த்தை. நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரை ஒழுங்காக வந்துவிடும். பல்லைத் தாண்டுவதற்குள் வேஷம் கட்டிக்கொண்டு நகைச்சுவையாக வெளியே குதித்துவிடும். எதிரில் இருப்பவர் சிரிக்கத் தொடங்கியதும் அவரை நட்டாற்றில் விடமுடியுமா? தமாசுக்கு அந்தக் கல்நெஞ்சு கிடையாது. அடுத்ததையும் எடுத்து விட்டார்.

“உங்கள மாதிரி மனசு எல்லாருக்கும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல” என்றார் மருத்துவர். மூன்று முறை வரவேண்டும் என்பது விதி. முதல் முறையிலேயே திருப்தியென்றால் மற்ற இரண்டும் தேவையில்லை என்பது அதே விதியின் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. ‘பணிக்குத் தகுதி’ என்ற கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது. கையெழுத்து, முத்திரை.

“கீழ ஆயுதக் கிடங்குல காட்டுங்க. இன்னிக்கே கொடுத்துடுவாங்க.”

“ரொம்ப சந்தோஷம் மேடம்” என்று எழுந்து சலாம் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தபின்னும் கைப்பிடியை விடாமல் கொஞ்ச நேரம் நின்றார். மறுபடி தட்டலாம். தட்டி என்ன சொல்வது? மேடம், நீங்க சிரிச்சது தப்பு என்றா?

வராந்தாவில் அவள் காத்திருந்தாள். ரோந்து வண்டியில் மூன்று வருடமாக அவரோடு வருகிற பெண் காவலர். முப்பது வயசு இருக்கும்.

“என்னண்ணே, பாஸா?”

“முதல் வகுப்பு.”

“ஒரே தடவையிலயா! என்னய மூணு தடவ வரச் சொன்னாங்கண்ணே. நான் உள்ள போனதுமே அழுதுட்டேன்.”

“அழுதா மூணு, சிரிச்சா ஒண்ணுன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா? பையில ரெண்டு வெங்காயம் போட்டு எடுத்துட்டு வந்திருப்பேனே.”

அவள் சிரித்தாள். படி இறங்கும்போது, “எங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க, உங்க அண்ணன் எப்ப சாப்பிட வருவாருன்னு” என்றாள். “போன வாரம் என் பொண்ணு ஸ்கூல்ல ஆடினா. அம்மா அங்கயே அழ ஆரம்பிச்சுட்டாங்க. நீ இல்லாமப் போயிருந்தா இத யாரு பாத்திருப்பான்னு.”

“ஆடறதப் பாத்து அழற அளவுக்கா ஆடினா?” என்றார் தமாசு, படிகளை எண்ணிக்கொண்டே.

அது நடந்து ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. பகல் இரண்டரை மணி. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் கூச்சல் கேட்கிறது என்று பக்கத்து வீட்டார் போன் செய்தார்கள். இவள்தான் முன்னால் போய்க் கதவைத் தட்டினாள். கதவு திறந்தபோது வந்தது ஆள் இல்லை, கத்தி. ஓங்கின கை இவள் கழுத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கும். பின்னாலிருந்து தமாசு இரண்டு முறை சுட்டார். கத்தியின் நீளம், நின்ற தூரம், சுடுமுன் அவர் உரக்க எச்சரித்த வார்த்தைகள் எல்லாவற்றையும் மூன்று அதிகாரிகள் வந்து நாடா வைத்து அளந்தார்கள். முற்றிலும் நியாயமானது என்று முடிவானது. அறிக்கையில் ஒரு தப்பு கண்டுபிடிக்கமுடியாது. தமாசே இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டார்.

அந்த ஆள் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தான். அது அறிக்கையில் இல்லை. யாரும் கேட்கவில்லை. எங்கேயோ கிளம்பின அவசரத்தில் போட்டிருப்பான். எங்கே கிளம்பினான் என்பதுதான் தமாசுக்குப் புரியவில்லை. சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது அந்த ஆள் எங்கேயோ கிளம்பிக்கொண்டே இருந்தான்.

தப்பாகச் சுட்டிருந்தால் ஒரு வழி இருந்தது. வேலையை விட்டு நிறுத்துவார்கள், விசாரிப்பார்கள், ஏதோ ஒரு தண்டனை கொடுப்பார்கள். அனுபவித்து முடிக்கலாம். சரியாகச் செய்தவனுக்குக் கொடுக்க யாரிடமும் ஒன்றும் இல்லை. கை குலுக்குகிறார்கள். முதுகில் தட்டுகிறார்கள். நிலையத்தில் ஒருவன், “அண்ணே, ஒலிம்பிக் போயிருக்கலாம் நீங்க” என்றான். அதற்கும் தமாசு பதிலுக்கு ஒன்று சொல்லிச் சிரிக்கவைத்துத்தான் அனுப்பினார்.

அந்த ஆள் செத்திருக்கவேண்டாம் என்று வாய்விட்டு ஒருமுறை சொன்னால் தேவலை போலிருந்தது. ஆனால் யாரிடம்? அதைச் சொன்னால், இதோ பக்கத்தில் பெண் ஆடின கதையைச் சொல்லிக்கொண்டு இறங்குகிறாளே, இவளிடம் நீ செத்திருக்கலாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? இவள் உயிரோடு இருப்பதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு பேரும் இருந்திருக்கலாமே என்பதுதான். அப்படி ஒரு கணக்கு அந்த வாசலில் இல்லை.

ஆயுதக் கிடங்கு தரைக்கடியில் இருந்தது. கம்பி வைத்த ஜன்னல், அதற்கு மேலே சுருட்டி வைத்த தகரக் கதவு, ஜன்னலோரம் இடுப்புயர மணல் பீப்பாய். பீப்பாயின் மூடியில் ஒரு ஓட்டை. முன்னால் யாரும் இல்லை. இவர் போய் நின்றதும் பின்னால் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள்.

கிடங்குக்காரர் சான்றைப் படித்தார். உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார். அதே துப்பாக்கி, அதே எண். சுடும் விசையைச் சுற்றின வளையத்தில் வழக்கு எண் எழுதிய அட்டை நூலில் தொங்கியது. அவர் கத்தரியால் நூலை வெட்டி அட்டையைக் குப்பையில் போட்டார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

“தெரிஞ்சதுதானே. பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

தெரிந்ததுதான். ஆயிரம் தடவை செய்தது. துப்பாக்கியின் மேல் இழுப்பை இழுத்து, குண்டு நிற்கிற அறை காலியா என்று பார்க்கவேண்டும், அவருக்கும் காட்டவேண்டும். பிறகு குழலை மணல் ஓட்டையில் விட்டு, விசையை வெறுமனே ஒருமுறை அழுத்தவேண்டும். டிக் என்று கேட்டால் பேரேட்டில் கையெழுத்து. வாங்கினாலும் டிக், திருப்பிக் கொடுத்தாலும் டிக். அது கேட்காமல் யாரும் அந்த ஜன்னலை விட்டு நகர்ந்தது கிடையாது.

இழுத்தார். காலி. காட்டினார். ஓட்டையில் விட்டார்.

விரல் வளையத்துக்கு வெளியே நின்றது. உள்ளே போ என்று தமாசு சொன்னார். அது வேறு யாரோ வளர்த்த விரல் மாதிரி நின்றது.

“என்னண்ணே, நல்ல நேரம் பாக்கறீங்களா?” என்றான் வரிசையில் ஒருவன்.

“இல்லப்பா, மணலு என்ன பாவம் பண்ணுச்சுன்னு யோசிக்கறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததைச் சொல்லியாகவேண்டும். எப்போதும் வரும். வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கடை மூடிக் கிடந்தது.

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. கிடங்குக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தார். பேரேட்டைத் தன் பக்கம் இழுத்து மூடினார்.

“கவுண்டர் மூடியாச்சு. சாப்பாட்டு நேரம்” என்றார் வரிசையைப் பார்த்து.

“மணி பத்தே முக்கால்தானே சார்!”

“எனக்குப் பசிக்குது. போய்ட்டுப் பன்னண்டுக்கு வாங்க.”

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். தகரக் கதவு பாதிக்கு மேல் இறங்கியது. “அவசரமில்ல” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “நான் இங்கதான் உக்காந்திருக்கேன்.”

அவள் மட்டும் போகவில்லை. பீப்பாயின் அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“அண்ணே?”

“எனக்கு வேணாம்மா” என்றார் தமாசு. குழாய்ச் சத்தம் இல்லாமல் அந்தக் குரலை அவரே இப்போதுதான் கேட்டார்.

“எது வேணாம்?”

அவர் அவளைப் பார்த்தார். கழுத்தில், சட்டைக் காலருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு நரம்பு மெல்ல எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவர் பார்வை பீப்பாய்க்கு இறங்கியது, அவளும் அங்கே பார்த்தாள். குழல் நடுங்க நடுங்க, ஓட்டையைச் சுற்றி மூடிமேல் சிந்திக் கிடந்த மணல், ஒரு பொடி, இன்னொரு பொடி என்று உள்ளே சரிந்துகொண்டிருந்தது.