அண்ணனிடம் கேட்டுப் படித்த ஆங்கிலம்

அன்றைக்குக் கண்மணி டீச்சர் வகுப்புக்கு எடுத்துக்கொண்டது லோகேஸ்வரி அனுப்பிய ஒலிப்பதிவை. கைப்பேசித் திரையில் தன் பெயரைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆங்கிலப் பாடத்தில் அவள் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை, வருகை எடுக்கும்போது கூப்பிடுவதோடு சரி. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடிவதற்குள் ஒரு தடவையாவது நம் பெயரும் வந்துவிட்டதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கொரோனாவுக்குப் பயந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டு, அதற்கு இல்லிருப்புக் கற்றல் என்று அழகாகப் பெயர் வேறு வைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு அந்த ஆண்டு எஸ்.பி.எம். அரசுத் தேர்வின் ஆங்கிலத்தில் கேட்டல் தாள் ஒன்று புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டது. யாரோ பேசுவார்கள், அதைக் கேட்டு விடை எழுத வேண்டும். வாத்தியார் எதிரில் நின்று பேசினாலே பாதிதான் காதில் ஏறும். இதில் மழை தூறினால் அறுந்துபோகும் லைனில் எதைக் கேட்பது? பிள்ளைகள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருத்தி படம் ஓடும்போது கீழே எழுத்து வரும் இடத்தில் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுக் கேட்டாள். கோகிலன் என்ற பையன் செய்தி வாசிப்பவரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அந்த மனிதரைக் குடிகாரர் ஆக்கிக் கேட்டான். டீச்சர் சொல்லிக்கொடுத்த வழி வேறு. ஒரே ஒரு குரலைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது பேசப் பேச அரை மூச்சு தள்ளி நீங்களும் அதையே பேசுங்கள், நிழல் மாதிரி கூடவே போங்கள் என்றார்.

லோகேஸ்வரி குரல் தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. ஜெராமில் அவர்கள் இருந்த மலிவு விலை வீட்டில், அப்பா ஐயாவு ஓர் அறையைப் பிளைவுட் பலகை வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார். பலகை கூரைவரை எட்டவில்லை. அதற்கு அந்தப்பக்கம் அண்ணன் புவனேசன். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்றவன், ஹோட்டலை மூடியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கொஞ்ச நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு வீட்டில் இருந்தபடியே செய்கிற ‘கஸ்டமர் சர்வீஸ்’ வேலை ஒன்றைப் பிடித்துவிட்டான். பேங்குக்காகப் பேசுகிறான் என்றுதான் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எஸ்டேட்டில் லோரி ஓட்டும் அப்பாவும், கிள்ளான் பக்கம் தொழிற்சாலைக்குப் போகும் அம்மாவும், நம் பையன் இங்கிலீஷ் பேசியே சம்பாதிக்கிறான் என்று பார்த்தவர்களிடம் எல்லாம் வாய் நிறையச் சொன்னார்கள்.

உண்மையிலேயே சொல்லிக்கொள்ளத் தகுந்த ஆங்கிலம்தான். ‘மேடம், ஐ அண்டர்ஸ்டேண்ட்’ என்று அவன் ஆரம்பித்தால், சண்டைக்கு வந்தவர்கள்கூட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். காதில் இயர்போன் மாட்டிப் பேசுவதால் எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறார்கள் என்பது கேட்காது. லோகேஸ்வரிக்கு அது தேவையாகவும் இல்லை. தினமும் காலையில் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். எங்கே குரல் தாழும், எங்கே நிறுத்துவான், எந்தச் சொல்லை இழுப்பான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஆகவே, நிஜ வாழ்க்கையில் பேசுகிற ஆங்கிலம் ஒரு நிமிடம் பதிந்து அனுப்புங்கள் என்று டீச்சர் கேட்டபோது, மற்றவர்கள் வானிலை அறிக்கையைத் தேடிப் போக, இவள் கைப்பேசியைப் பலகைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அது முந்தின நாள் காலையில். அண்ணனிடம் சொல்லவில்லை. நல்ல பெயர் வாங்கியபிறகு சொல்லி அவனை அசத்தலாம் என்று இருந்தாள்.

“மூன்று தடவை போடுவேன்,” என்றார் டீச்சர். வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான் நடந்தது. “முதல் தடவை, யார் யாரிடம் பேசுகிறார் என்பதை மட்டும் கேளுங்கள்.”

அவளுடைய இயர்போன் எப்போதோ செத்துவிட்டது. சத்தத்தை வெளியே வைத்துத்தான் கேட்டாள். அண்ணன் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தான்.

கைப்பேசியில் அவன் குரல் வந்தது. “மேடம், அழாதீர்கள். யாரோ உங்கள் பெயரைத் தப்பாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன். உங்கள் சேமிப்பு பத்திரமாக இருக்க வேண்டுமானால், நான் கொடுக்கும் கணக்குக்கு அதை மாற்றிவிடுங்கள். இதை யாரிடமும் சொல்லக் கூடாது. உங்கள் பிள்ளைகளிடம்கூட. நாளைக்குப் பதினோரு மணிக்குப் பேங்கில் இருங்கள். நான் கூப்பிடுகிறேன்.”

பழக்கதோஷம், அவள் உதடுகளும் கூடவே அசைந்தன. என்ன இனிமை, என்ன பொறுமை. அவளுக்குப் பெருமையில் முகமெல்லாம் சூடாகிவிட்டது.

முதல் விடை கோகிலனிடமிருந்து வந்தது. ‘ஸ்கேமர்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் போட்டிருந்தான். சரியாகக் கேட்காமல் உளறுகிறான் என்று நினைத்தாள். அடுத்து இன்னொருத்தி எழுதினாள், அதே சொல். பிறகு இன்னொருவன். மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று பார்க்காமல் வகுப்பே அந்த ஒரு சொல்லை எழுதிக்கொண்டு போனது. இல்லை, அவர் பேங்கில் வேலை செய்கிறவர் என்று திருத்துவதற்காக மைக்கைத் திறக்கப் போன விரல், திரையைத் தொடாமல் அப்படியே நின்றுவிட்டது.

“சரியான விடை,” என்றார் டீச்சர். “வயதான ஒருவரை ஏமாற்றுகிறான். லோகேஸ்வரி, ரொம்ப நல்ல தேர்வு. இந்தக் காலத்துக்கு வேண்டிய பதிவு. எங்கே கிடைத்தது?”

“யூடியூப், டீச்சர்.” இத்தனை நாள் ஒரு வாக்கியத்துக்கு முக்கி முனகியவளுக்கு, பொய் மட்டும் ஆங்கிலத்தில் தடங்கலே இல்லாமல் வந்தது.

இரண்டாம் தடவை ஓடியது. புதிதாக ஒரு சொல்கூட அதில் இல்லை. ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு நேற்றே புரிந்ததுதான். யாரிடமும் சொல்லாதே என்று பேங்கில் எச்சரிப்பது வழக்கம்தானே என்று அதைத் தாண்டிப் போயிருந்தாள். பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொன்னதையும் அப்படியே தாண்டினாள். பேசுவது அண்ணன் என்பதால் அர்த்தத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்றே தோன்றவில்லை. அவனை அறியாத பிள்ளைகள் ஒரே தடவையில் பிடித்துவிட்டார்கள். மாதக்கணக்கில் அவனையே கேட்டுப் படித்தவள்தான் கோட்டைவிட்டாள்.

“எப்படி நம்ப வைக்கிறான்?” என்று டீச்சர் கேட்டார்.

கோகிலன் மைக்கைத் திறந்தான். “மிரட்டவே இல்லை டீச்சர். பாசமாகப் பேசுகிறான். மகன் பேசுவதுபோல் இருக்கிறது.”

பலகைக்கு அந்தப்பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. குளித்துவிட்டு வந்துவிட்டான். மூன்றாம் தடவை பதிவு ஓட ஆரம்பித்திருந்தது. அண்ணனின் குரல் இந்தப்பக்கம் பேச, அந்தப்பக்கத்தில் அண்ணன் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை.

“மறுபடி எப்போது கூப்பிடுவான்?” இது டீச்சரின் கடைசிக் கேள்வி. நாளை பதினோரு மணி என்று எல்லாரும் எழுதினார்கள். “பாவம், யாரைப் பெற்ற தாயோ. போனாரோ, ஏமாந்தாரோ,” என்று டீச்சர் பெருமூச்சுவிட்டார். அந்த ‘நாளை’ இன்றைக்குத்தான் என்பது அத்தனை பேரில் லோகேஸ்வரி ஒருத்திக்கே தெரியும். பதினொன்றாக இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ஈரத் தலையோடு புவனேசன் வாசலில் வந்து நின்றான். அவள் மைக்கை மூடியிருக்கிறாளா என்று முதலில் பார்த்தான்.

“டிலிட் பண்ணு லோகேஸ்.”

“அண்ணே, நீ பேங்குக்குத்தான பேசுற?”

“டிலிட் பண்ணு சொல்றேன்லா.”

“அந்தம்மா இன்னிக்குப் போறாங்களா?”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். “நான் பேசலன்னா இன்னொருத்தன் பேசப் போறான். நீ படிக்கிற வேலையப் பாரு,” என்று சொல்லிவிட்டுத் தன் பக்கம் போனான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பயிற்சிக்காகப் பேசுகிறேன், விளையாட்டுக்குப் பேசுகிறேன், எதைச் சொல்லியிருந்தாலும் நம்புவதற்கு அவள் தயாராக இருந்தாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறவன், தங்கைக்கு ஒரு பொய் சொல்ல மெனக்கெடவில்லை. அதுதான் அவளைப் போட்டு உலுக்கியது.

“குட் மார்னிங், மேடம்.” பலகைக்கு மேலே குரல் வந்தது. எதுவுமே நடக்காத மாதிரி, அதே குரல், அதே நிதானம்.

லோகேஸ்வரி எழுந்து ஓடினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் தடுப்பதற்குள் கைப்பேசியைப் பறித்து, இயர்போனை உருவி எறிந்து, ஸ்பீக்கரைத் தட்டினாள். இத்தனை நாளில் முதல் தடவையாக எதிர்ப்பக்கத்துக் குரல் கேட்டது. வயதான குரல். பழைய பள்ளிக்கூடத்து ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லும் துலக்கி வைத்ததுபோல்.

“வந்துவிட்டேன், ஆபீசர். கவுண்ட்டர் முன்னால்தான் இருக்கிறேன்.”

“மேடம், பணம் அனுப்பாதீங்க. இவர் பொய் சொல்றார். இவர் ஆபீசர் இல்ல, என் அண்ணன்.” ஆங்கிலத்தில் கத்தினாள். இலக்கணமெல்லாம் எங்கே போனதோ, கையில் கிடைத்த சொற்களை அள்ளிப் போட்டாள். யாரையும் பின்பற்றாமல் அவளாகப் பேசிய முதல் ஆங்கிலம் அதுதான்.

“ஆபீசர், நீங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது,” என்றார் அந்த அம்மா. “யாராவது குறுக்கே வருவார்கள் என்று எச்சரித்தீர்களே. வந்துவிட்டார்கள். கவலைப்படாதீர்கள். இவள் சொல்வதை நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் சொல்வதைத்தான் கேட்பேன்.”

உண்மையை உரக்கச் சொன்னால் போதும் என்று லோகேஸ்வரி நினைத்திருந்தாளே. அந்த அம்மாவைக் குறை சொல்வதற்கும் அவளுக்கு யோக்கியதை இல்லை. காலையில் எழுந்தபோது அவளும் அதே குரலை அதே மாதிரி நம்பிக்கொண்டுதான் எழுந்தாள்.

“அண்ணே,” என்றாள். “நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீ சொல்லு.”

புவனேசன் அசையவில்லை. கைப்பேசியிலிருந்து குரல் வந்தது. “ஆபீசர், இருக்கிறீர்களா? அவர்கள் உங்களை ஏதாவது செய்துவிட்டார்களா? போலீசைக் கூப்பிடட்டுமா?” அந்தக் குரல் நடுங்கியது. தன் பணத்துக்காக இல்லை, அவனுக்காக.

தங்கை நேருக்கு நேர் கேட்டபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றவன், இதைக் கேட்டுத்தான் உடைந்தான். தலையைக் கையில் பிடித்துக்கொண்டான்.

“மேடம், வீட்டுக்குப் போங்கள்,” என்றான். குரல் பாதியில் கரகரத்தது. “எல்லாம் பொய். நான் சொன்னது எதுவும் உண்மை இல்லை.”

“உங்களை அப்படிச் சொல்ல வைக்கிறார்கள். எனக்குத் தெரியாதா,” என்றார் அந்த அம்மா. “பயப்படாதீர்கள். பணம் அனுப்பும் பாரத்தை எழுதிவிட்டேன். இதை முடித்துவிட்டால் உங்களுக்கும் தொந்தரவு இருக்காது.”

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு திகிலை அவள் பார்த்ததே இல்லை. பொய்யைச் சொன்னவனே வந்து பொய் என்றாலும் அது போக மறுக்கிறது. புவனேசன் எழுந்து நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். அவன் மறுபடி வாயைத் திறந்தபோது, வந்தது ஆபீசரின் குரல்.

“மேடம், இது உத்தரவு. போனைக் கவுண்ட்டரில் இருப்பவரிடம் கொடுங்கள். இப்போதே.”

“எஸ், ஆபீசர்.” கேள்வியே இல்லை. ஆபீசர் எது சொல்லியிருந்தாலும் அந்த அம்மா இதே வேகத்தில் செய்திருப்பார்.

ஓர் இளம் பெண்ணின் குரல் வந்தது. புவனேசன் வேகமாகச் சொன்னான். இந்த அம்மாவை ஏமாற்றுகிறார்கள், பணத்தை அனுப்பாதீர்கள், அவருடைய பிள்ளைகள் வரும்வரை எங்கும் விடாதீர்கள், அந்தக் கணக்கு எண்ணை உடனே புகார் செய்யுங்கள்.

“நிறுத்திவிட்டேன்,” என்றாள் அந்தப் பெண். “அவர் இங்கேதான் இருப்பார். நீங்கள் யார் பேசுவது?”

அந்த அம்மா தப்பித்துவிட்டார். லோகேஸ்வரி கேட்டது நடந்துவிட்டது. இனி அவன் லைனை வெட்டிவிடலாம். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். வெட்டு, அண்ணே. இல்லையென்றால் வாயில் வந்த ஏதாவது ஒரு பெயரைச் சொல்லு. அப்பா சாயங்காலம் லோரியை விட்டு இறங்கி வருவார், அம்மா பஸ்ஸில் வருவாள், அவர்களிடம் என்ன சொல்வது? கொஞ்ச நேரத்துக்கு முன் அவனுடைய பொய்யை உடைக்க ஓடி வந்தவள், இப்போது இன்னும் ஒரே ஒரு பொய் சொல்லிவிட மாட்டானா என்று ஏங்கி நின்றாள்.

“ஹலோ, யார் பேசுவது?”

“புவனேசன்,” என்றான் அவன். பிறகு அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னான்.