அவள் வாயில் வந்த சிரிப்பு

பல் கட்டுபவர் அடக்கிய சிரிப்பு பத்தொன்பது வருடங்கள் அவருடைய மனைவியின் வாய் வழியாக வெளியே வந்தது. வழிபாட்டுக் கூடத்தில் மட்டும்தான் இப்படி. வீட்டிலும் கடையிலும் அவரவர் சிரிப்பு அவரவர் வாயிலேயே வந்தது. கல்யாணமான மூன்றாவது வாரம், கூடமே கண்ணை மூடி இறந்தவர்களை நினைத்துக்கொண்டிருந்தபோது, குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்த புதுப்பெண் கரகரத்த ஆண் குரலில், தொடையைத் தட்டாத குறையாகச் சிரித்தாள். பக்கத்தில் கணவர் இடித்த புளி போல உட்கார்ந்திருந்தார். குரல் ஆண் குரலாக இருக்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் வாயிலிருந்து வந்ததோ அவர்தான் சிரித்தவர் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை.

காரணம் மூத்தவரின் பல். வழிபாட்டை நடத்தும் மூத்தவருக்கு மேல்வாய் முழுவதற்கும் பல்செட் செய்துகொடுத்தவர் இவர்தான். அளவு பார்க்க மூன்று முறை வர வேண்டும். மூத்தவர் இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டு, செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, எல்லாம் தன் சொந்தப் பல் என்றே சொல்லிவந்தார். அதனால் செட் அண்ணத்தில் சரியாக உட்காரவில்லை. நீளமான வாக்கியத்தை முடித்து மூத்தவர் வாயை மூடிய பிறகு, பல் தன் பங்குக்கு ஒருமுறை டக்கென்று முடித்துக்கொள்ளும். மற்றவர்களுக்குக் கேட்காது, செய்தவருக்குக் கேட்கும். 'நித்தியமான' என்று மூத்தவர் இழுக்க ஆரம்பிக்கும்போதே இவருக்கு அடிவயிற்றில் சிரிப்பு கிளம்பிவிடும். சிரித்தால் எதற்கென்று கேட்பார்கள். சொன்னால் மூத்தவரின் மானம் போகும், அதோடு கடையும் போகும், ஏனென்றால் அங்கே பாதிப் பேர் வாயில் இருந்தது இவர் செய்த பல். ஆகவே விழுங்கினார். விழுங்கியது அவள் வாயில் வந்தது.

சிரித்தவர் ஒரு வரிசை பின்னால் போக வேண்டும் என்பது கூடத்தின் விதி. அவள் போனாள். அது யாருடைய சிரிப்பு என்று அவளுக்கு முதல் நாளே தெரியும், சாப்பிடும்போது தினமும் கேட்கிற சிரிப்புதானே. கேட்டதற்கு, "உன் வாயில வந்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. வாயில் துண்டைத் திணித்துப் பார்த்தாள், சிரிப்பு துண்டையும் தள்ளிக்கொண்டு வந்தது. பத்தாவது வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துணியில் சுற்றினால் ஒரு கைக்குள் அடங்கிவிடும், அதனால் பொட்டலம் என்று பெயர் நின்றுவிட்டது. பொட்டலம் அப்பாவோடு முன் வரிசையில் உட்கார்ந்து, அடிக்கடி திரும்பி அம்மாவைத் தேடும். அம்மா கடைசி வரிசைக்குப் போனாள், பிறகு செருப்பு விடும் இடத்துக்கு, பிறகு வாசலுக்கு வெளியே நடைபாதைக்கு. வெயிலில் தனியாக நின்று ஆண் குரலில் சிரிக்கும் பெண்ணை சைக்கிளில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பொட்டலத்துக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். பெற்றவள் என்பதால் அடக்கத்தன்று மட்டும் முன் வரிசையில் பெட்டியின் பக்கத்தில் உட்காரலாம் என்று கூடம் இரக்கம் காட்டியது. ஆனால் சிரித்தால் கூடத்தின் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள், கூடத்துக்குப் பின்னால் இருக்கும் இடுகாட்டுக்குள் பிறகு எந்தக் காலத்திலும் கால் வைக்கக் கூடாது. அன்று காலையில் மகளின் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவள் கணவரிடம் சொன்னாள்.

"ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் அடக்காதீங்க. வந்தா நீங்களே சிரிச்சிடுங்க."

"இன்னைக்கு எப்படிச் சிரிப்பு வரும்? அவ என் பொண்ணுடி."

"வந்தா?"

"வந்தா நானே சிரிக்கிறேன். போதுமா?"

மனதாரத்தான் சொன்னார். அதை மட்டும் அவர் கணக்கில் வைத்தாக வேண்டும்.

மூத்தவர் அன்றைக்கு உண்மையிலேயே அழுதார். குரல் நடுங்கியது. பொட்டலம் என்று பெயரைச் சொன்ன வேகத்தில் மேல் செட் கழன்று வெளியே வந்தது. அதை உள்ளங்கையில் பிடித்து, எல்லாரும் கண்ணை மூடியிருக்கும் தைரியத்தில், திருப்பி மாட்டிக்கொண்டு தொடர்ந்தார். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பல் கட்டுபவரின் கண் மட்டும் திறந்திருந்தது. துக்கம் அடைத்திருந்த அதே தொண்டைக்குச் சிரிப்பும் வந்து நின்றது. கொடுத்த வாக்கு அவருக்கு நினைவிருந்தது, வாயைக் கொஞ்சம் திறக்கக்கூடச் செய்தார். ஆனால் பழகிய வாய், தானாக மூடிக்கொண்டது. அவள் பெட்டியின்மேல் கையை வைத்து, கண்ணீர் வழிய வழிய, பத்தொன்பது வருடங்களில் இல்லாத நீளத்துக்குச் சிரித்தாள். பெண்கள் நாலு பேர் தோளைப் பிடித்துத் தூக்கி எல்லா வரிசைகளையும் தாண்டி வெளியே கொண்டுபோய்விட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். பொட்டலம் அம்மா இல்லாமல் குழிக்குள் போனாள். இப்படி ஒரு கொடுமை வேறு எந்தத் தாய்க்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவர் கூடத்தில் எழுந்து நின்று, அது என் சிரிப்பு, எல்லாமே என் சிரிப்புதான் என்று சொன்னார். சொல்லும்போது அழுதார். மனைவியின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் இவரைப் போல ஒரு மனிதர் கிடைப்பாரா என்று எல்லாரும் உருகிப்போனார்கள். மூத்தவர் இறங்கி வந்து கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து கணவர் அவளிடம் நடந்ததைச் சொன்னார்.

"நல்லவர்னு சொன்னாங்களா," என்று கேட்டுவிட்டு அவள் தட்டைக் கழுவப் போனாள்.

மகள் போனபிறகு அவள் அழவே இல்லை. சீருடை தைக்கும் நிறுவனத்தில் பட்டன் தைப்பது அவள் வேலை, மணிக்கு இருபது சட்டை. அந்த எண்ணிக்கை ஒரு நாளும் குறையவில்லை. ஆறாவது வாரம், காலை பதினொரு மணிக்கு, ஒரு பஸ் கண்டக்டரின் வாயில் அளவெடுக்கும் மாவை அழுத்திப் பிடித்திருந்தபோது, பல் கட்டுபவரின் வாயிலிருந்து ஒரு பெண்ணின் அழுகை வந்தது. பொட்டலம், பொட்டலம் என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தது. குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. வாயை மூடப் போனார். மூடினால் இது எங்கே திரும்பிப் போகும் என்று நினைத்தார். மூடவில்லை.

அன்றிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு வருகிறது, அரை மணி நேரம் இருக்கிறது. அவசரக்காரர்கள் பத்து மணிக்கே வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வாயில் மாவோடு பேசாமல் காத்திருக்கிறார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்து, ஒரு சொட்டும் உள்ளே தங்கிவிடாதபடி வாயை நன்றாக அகலத் திறந்துவைத்துக்கொள்கிறார். அந்த அரை மணி நேரத்தில், நான்கு தெரு தள்ளி, அவள் பத்துச் சட்டைகளை முடித்துவிடுகிறாள்.