பந்தில் விழுந்த ஜரிகைக் கீறல்

பெஞ்சை விட்டு எழுந்திருக்காமலே முத்துக்குமார் அதைக் கேட்டான். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரர்கள், திருஞானசம்பந்தத்தைக் கண்டால் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொள்கிறவர்கள்.

"இன்னா பெரியவரே, உங்க ஊட்டு ஜெயக்குமாரு அந்தக் குண்டு உருட்டுற ஆட்டத்துல தில்லுமுல்லு பண்ணி மாட்டிக்கினாராமே? ஒரு வருஷம் உள்ளயே வரக்கூடாதுன்னு தள்ளிட்டாங்களாம்!"

"யார் சொன்னது?"

"என் மச்சான் பையன் அங்கதான விளையாடுறான். இந்தா, போன்லயே இருக்குது, பாருங்க. ஜரிகையில செம்பு கலக்குறவனைப் பார்த்திருக்கோம். குண்டுல கலக்குறவனை இப்பத்தான் பார்க்கிறோம்."

யாரோ ஒருவர் தொண்டையைச் செருமிச் சிரிப்பை அடக்கினார். சம்பந்தம் போனை வாங்கிக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் படித்தார். 'போட்டி நடந்துகொண்டிருக்கும்போது பந்தின் மேற்பரப்பை மாற்றி ஏமாற்றியதற்காக, காஞ்சிபுரம் ஜெயக்குமார் ஓராண்டு நீக்கப்படுகிறார்.' பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரையும் போட்டிருந்தார்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்தார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். அறுபத்தெட்டு வயது. முதுகு இன்னும் தறியில் இழுத்துக் கட்டிய பாவுநூல் போல விறைத்திருக்கும். அவர் வீட்டுத் தறியில் இறங்கிய ஒரு புடவை இதுவரை குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. திருவிழாவில் அந்த வீட்டுத் தலைமகனுக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள். அந்தத் தலையை வைத்துக்கொண்டுதான் இப்போது கடைத்தெருவைக் கடந்து வந்தார். ஒவ்வொரு கடையிலிருந்தும் தன்னைப் பார்ப்பதாக அவருக்குப் பட்டது.

வீட்டின் பின்கட்டில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. காலமாகிப்போன தம்பியின் மகன் ஜெயக்குமார் அங்கே குனிந்திருந்தான். முப்பத்தாறு வயது. ஒரகடத்தில் கம்பெனி வேலை. பதினோரு வருடத்துக்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் எல்லோரையும் சென்னைக்கு ஒரு மாலுக்குக் கூட்டிப்போய், பவுலிங் என்று, தடத்தின் கோடியில் நிற்கும் கட்டைகளைச் சாய்க்கப் பந்து உருட்டவைத்தார்கள். மற்றவர்கள் அன்றோடு மறந்துவிட்டார்கள். இவன் மறக்கவில்லை. பழைய மாவு கிரைண்டரின் மோட்டாரைக் கழற்றி, அதன்மேல் பந்து உட்காருகிற மாதிரி ஒரு கிண்ணம் செய்து பொருத்தி, ஒவ்வொரு வாரமும் பந்தைச் சுழலவிட்டுத் தண்ணீர் தெளித்து உப்புத்தாளால் உரசுவான். முதலில் முரட்டுத் தாள், அப்புறம் நைசான தாள். சில நாள் கடைசியில் பால் போல ஒரு பாலிஷ் தடவுவான், பந்து முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். சில நாள் தடவமாட்டான். சென்னையில் இருக்கிற ஆட்டக்காரர்கள்கூடத் தங்கள் பந்துகளை இவனிடம் கொடுத்து அனுப்புவார்கள்.

சம்பந்தம் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். பந்து இரண்டு சுற்று தள்ளாடிவிட்டு நின்றது.

"ஏமாத்தினியா?"

ஜெயக்குமார் நிமிரவில்லை. ஈரத்துணியால் கையைத் துடைத்தான்.

"உன்னைத்தான்டா கேக்குறேன். பத்து நாளா ஊட்டுல சோறு துன்னுக்கினு, ஒண்ணும் நடக்காத மாதிரி சுத்திக்கினு இருக்கியே. முத்துக்குமார் வாயிலருந்தா நான் இதைக் கேக்கணும்? செம்பு கலந்தோம்னு சொல்றான்டா! என் மூஞ்சிக்கு நேரா!"

"போட்டி முடிஞ்சிபோச்சி பெரியப்பா. விட்டுடுங்க."

"எதை விடறது? உங்கப்பன் ஒரு இழை அறுந்தா அம்மாம் பெரிய புடவையையும் பிரிச்சி நெய்வான். அவனுக்குப் பொறந்துட்டு..."

"விட்டுடுங்கன்னு சொல்றேன்ல!"

அந்தச் சத்தத்தில் அடுக்களையிலிருந்து காயத்ரி வந்துவிட்டாள். ஜெயக்குமாரின் மனைவி. கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் மாமா எதிரே குரலை உயர்த்தாதவள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு வாயை மூடிக்கினு இருக்கப் போறே நீ? நான் சொல்லிடறேன். மாமா, அந்தப் போட்டிப் பந்துக்குப் பாலிஷ் போட்டது நீங்க."

"காயத்ரி, உள்ள போ," என்றான் ஜெயக்குமார்.

"போமாட்டேன். ஆயுதபூஜை அன்னிக்கி, மாமா. நீங்கதான போட்டீங்க?"

போட்டது அவர்தான். பதினோரு வருடமாக அதைக் குண்டு என்றே கேலி செய்து வந்தவர், இந்த வருடம்தான் மனம் மாறியிருந்தார். இரண்டு நாள் போட்டியின் முதல் நாள் ஆயுதபூஜையன்று வந்தது. அன்று ஜெயக்குமார் மூன்றாவதாக வந்திருப்பதாகப் போன் செய்தான். முதல் ஆறு பேருக்கு மாநில அணியில் இடம். தறியையும் ஊடைநூல் ஓட்டும் நாடாவையும் ராட்டையையும் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டு, அவன் வருகிறவரை கற்பூரம் ஏற்றாமல் காத்திருந்தார். அவனுடைய ஆயுதமும் சாமிக்கு முன்னால் இருக்கட்டும் என்றுதான். அவன் குளிக்கப் போனதும் பையைத் திறந்தார். பந்து சாம்பல் பூத்தது போல மங்கிக் கிடந்தது. பாதி வேலையில் விட்டுவிட்டான் சோம்பேறி என்று அவருக்குக் கோபம் வந்தது. பாலிஷ் பாட்டில் எங்கே இருக்கும் என்று தெரியும். கைக்குத் துணி அகப்படவில்லை. தோளில் போட்டிருந்த பட்டு அங்கவஸ்திரத்தையே சுருட்டிக்கொண்டு அழுத்தித் தேய்த்தார். பந்து பளபளவென்று ஆகிவிட்டது. கரையிலிருந்த ஜரிகை மட்டும் ஓரிடத்தில் உரசி, மயிரிழை போல நான்கு கீறல்கள் விழுந்துவிட்டன. அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி, பொட்டு வைத்து, கீறல் தெரியாமல் மேலே ஒரு சாமந்திப்பூவை வைத்தார். ஜெயக்குமார் ஈரத்தலையோடு வந்து, தறிக்குப் பக்கத்தில் தன் பந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கண் கலங்கினான். கற்பூர வெளிச்சத்தில் அன்று எல்லாமே பளபளத்தது.

"பளபளன்னுதானடா இருந்தது," என்றார் சம்பந்தம். குரல் இறங்கவில்லை. "அதுல இன்னா ஏமாத்து?"

"ஆடுற தடத்துல எண்ணெய் பூசியிருப்பாங்க பெரியப்பா. பாலிஷ் போட்ட பந்து அதுமேல வழுக்கினு நேரா போவும். சொரசொரன்னு இருந்தாத்தான் கடைசியில புடிச்சிக்கினு வளையும். நான் ஐந்நூறாம் நம்பர் தாளோட நிறுத்தினது அதுக்குத்தான். மொதல் நாளே பந்தைத் தொட்டுப் பார்த்து, ஐந்நூறுன்னு எழுதி, ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. போட்டி முடியறவரைக்கும் அதை மாத்தக்கூடாது. துடைக்கலாம், அவ்ளோதான். மறுநாள் காலையில அவசரமாப் பொட்டைத் துடைச்சிப் பையில போட்டுக்கினு ஓடினேன். அங்க திரும்ப சோதிக்கிற மேஜை மேல வெச்சப்பதான் நானே பார்த்தேன். அதுக்குள்ள அவங்க கையில எடுத்துட்டாங்க, திருப்பித் தரல."

"கேட்டிருப்பாங்களே, யார் பண்ணதுன்னு?"

"கேட்டாங்க."

"வாயில இன்னா வெச்சிருந்தே?"

ஜெயக்குமார் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"நாலாவது படிக்கிறப்போ ஏன்டா லேட்டுன்னு வாத்தியார் கேட்டாரு. எங்க பெரியப்பா எழுப்பலைன்னு சொன்னேன். அதைத் தெரிஞ்சிக்கினு வந்து நடுத்தெருவுல வெச்சி அறைஞ்சீங்க. ஊட்டுப் பெரியவங்க பேரை வெளியே இழுப்பியான்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்குதா? எனக்கு இருக்குது. போட்டியில அந்த மேஜையைச் சுத்தி முப்பது பேர் நின்னுக்கினு சிரிக்கிறாங்க. எங்க பெரியப்பா பூஜை போட்டாருன்னு அங்க சொல்லச் சொல்றீங்களா?"

சம்பந்தம் கையிலிருந்த பிளக்கைக் கீழே போட்டார். முத்துக்குமாரின் மேலிருந்த கோபம், இவன்மேலிருந்த கோபம் எல்லாம் நெஞ்சிலேயே நின்றது, இறக்கிவைக்க ஆள் கிடைக்காமல். கடைசியில் அதுவும் இவன்மேல்தான் பாய்ந்தது.

"முட்டாள். சட்டையைப் போடு."

"எதுக்கு?"

"அவங்க எங்க உட்கார்ந்துக்கினு இருக்காங்களோ அங்க போறதுக்கு."

"மேல்முறையீட்டுக்கு நாளைக்குக் கடைசி நாள், மாமா," என்றாள் காயத்ரி. "நாளைக்குக் காலையில கமிட்டி உட்காருது. இவருதான் எழுதிக் கொடுக்கமாட்டேன்னு முரண்டு புடிக்கிறாரு."

"இன்னிக்கே எழுதிக் குடு. நாளைக்கு மொத பஸ்."

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் சென்னைக்குப் போனார்கள். மாலில் பந்தாடுகிற தடங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சுவருக்கு அந்தப்புறம் கட்டைகள் சரிகிற சத்தம் இடி மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், அவர்தான் தலைவர். மேஜைமேல் ஜெயக்குமாரின் பந்து, எடுத்துவைத்த அன்றிருந்த அதே பளபளப்போடு.

உட்காரச் சொன்னார்கள். சம்பந்தம் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னார். பூஜை என்றதும் ஓரத்திலிருந்த இளைஞன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சார், தப்பா நினைக்காதீங்க," என்றான் அவன். "பையனைக் காப்பாத்தப் பெரியவங்க வந்து பழியை ஏத்துக்கிறது எங்களுக்குப் புதுசு இல்லை."

"நான் பொய் சொல்றேன்ங்கிறியா?"

"அப்படிச் சொல்லலை..."

"அப்படித்தான் சொல்றே! எங்க வம்சத்துல பொய்ச் சத்தியம் பண்ணவன் கிடையாது. காஞ்சிபுரத்துல வந்து கேளு. எந்தத் தெருவுல வேணா கேளு!"

"பெரியப்பா, வாங்க போலாம்," என்றான் ஜெயக்குமார்.

"நீ சும்மா இரு." மேஜைக்கு அருகே போனார். "அம்மா, அந்தப் பந்தை நான் தொடலாமா?"

அந்த அம்மாள் தலையசைத்தார். சம்பந்தம் பந்தை எடுக்கவில்லை. இழையின் குறையைத் தேடுகிறவர் போல ஆள்காட்டி விரலை அதன்மேல் மெதுவாக ஓட்டினார். கட்டைவிரல் நுழைக்கும் துளைக்குக் கீழே இரண்டு அங்குலம் தள்ளி விரல் நின்றது.

"இங்க வெளிச்சத்துல சாய்ச்சிப் பாருங்க. நாலு கீறல் இருக்குது. மூணு ஒண்ணாச் சேர்ந்திருக்கும், நாலாவது தள்ளி இருக்கும்."

அந்த அம்மாள் பந்தைச் சாய்த்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். இளைஞனும் குனிந்தான்.

"ஆமா, நாலுதான்."

சம்பந்தம் தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து, கரையை அந்த இடத்தில் விரித்துவைத்தார். மூன்று ஜரிகைக் கோடுகள் சேர்ந்தும், நான்காவது தள்ளியும் ஓடின. கீறல்களின்மேல் அப்படியே பொருந்தின.

"இது என் கையால நெய்த துணி. இதாலதான் தேச்சேன். இவன் பதினோரு வருஷமா பந்து உரசுறான், ஒரு கீறல் விட்டது கிடையாது. ஜரிகைத் துணியால பந்தைத் தேய்ப்பானா? இது தெரியாதவன் கை. என் கை." ஒருமுறை மூச்சு வாங்கினார். அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டார். "கீறல் விழுந்தது எனக்கு அன்னிக்கே தெரியும். பூவை வெச்சி மறைச்சேன். ஒரு புடவையிலயும் நான் குறையை மறைச்சது இல்ல. இதுல மறைச்சேன்."

ஜெயக்குமார் பெரியப்பாவைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப்புறம் கட்டைகள் சரிந்தன. மூவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"ஐயா," என்றார் அந்த அம்மாள், "பந்து யாருடையதோ, பொறுப்பு அவருடையதுதான். அதுதான் விதி. அன்றைய ஆட்டத்தை எங்களால் திருப்பித் தர முடியாது. அணியிலும் வேறொருவரைச் சேர்த்துவிட்டோம். ஆனால் ஓராண்டு நீக்கத்தை எடுத்துவிடுகிறோம். ஏமாற்றினார் என்ற வார்த்தையையும் எடுத்துவிடுகிறோம். குடும்பத்தார் ஒருவர் தெரியாமல் செய்துவிட்டார் என்று அறிவிப்பு போட்டால் போதுமா?"

"போதாது. குடும்பத்தார்னா யாரு? இவன் பெண்டாட்டியா? செத்துப்போன என் தம்பியா? என் பேரைப் போடுங்க."

"உங்கள் பெயர் எதற்கு? உங்களுக்குச் சங்கடமாக..."

"இவன் பேரை ஊரோட சேர்த்துத்தானம்மா போட்டீங்க? அதே மாதிரி என் பேரையும் ஊரோட போடுங்க. பழியை எடுத்துட்டுப் பொத்தாம்பொதுவா வெளியே வீசாதீங்க. யார் தலையில விழணுமோ அங்க எழுதுங்க."

அந்த அம்மாள் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஜெயக்குமார் வாயைத் திறந்தான். "அணியில இடம் போனது போனதுதான் பெரியப்பா."

"தெரியும்."

"எனக்கு இன்னும் கோவம் இருக்குது."

"இருக்கட்டும். உன் பந்து, உன் கோவம். நான் இன்னா சொல்ல முடியும்?"

வீட்டுப் பக்கம் திரும்பாமல் டீக்கடைக்கு நடந்தார். ஜெயக்குமாரும் பின்னாலேயே வந்தான். முத்துக்குமார் அதே பெஞ்சில் இருந்தான். இன்று சுற்றிலும் பத்துப் பேருக்குக் குறையாது. சம்பந்தம் மடித்து வைத்திருந்த தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"படி."

"இன்னா பெரியவரே இது?"

"படிக்கத் தெரியுமில்ல? நேத்து போன்ல படிச்ச மாதிரி இன்னிக்குத் தாள்ல படி. எழுந்து நின்னு படி. கடைசியில இருக்கிறவனுக்கும் கேக்கணும்."

முத்துக்குமார் சுற்றிலும் பார்த்தான். சிரிக்கலாமா என்று யோசித்த முகம், அவர் முகத்தைப் பார்த்ததும் அதைக் கைவிட்டது. எழுந்து நின்றான்.

"'ஜெயக்குமார் விதியை மீறும் எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. அவருக்குத் தெரியாமல், அவருடைய பெரியப்பா... பந்துக்குப் பாலிஷ் போட்டதை நேரில் வந்து ஒப்புக்கொண்டார்.'"

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சம்பந்தம் திரும்பவில்லை. அந்தச் சிரிப்பு முழுதாக அடங்குகிறவரை, பரிவட்டம் கட்டும்போது நிற்பது போலவே நின்றார்.

"நடுவுல ஒண்ணை முழுங்கிட்டே," என்றார். "பெரியப்பாவுக்கு அப்புறம் ஒரு பேர் இருக்குது. அதையும் படி."

"எதுக்கு பெரியவரே..."

"படிடா!"

"'காஞ்சிபுரம் திருஞானசம்பந்தம்,'" என்று முத்துக்குமார் முணுமுணுத்தான்.

"கேக்கல. இன்னொரு தரம்."